வேலூரில் இருந்து நவம்பரில் புதுச்சேரிக்குச் சுற்றுலா போகலாமா?

நவம்பரில் சராசரி 24 முதல் 29 டிகிரிதான், குழந்தைகளோடு போக ஏற்ற மாதம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர் வெயிலில் வெந்தவர்களுக்கு அந்த 24-ஐப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிடும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நவம்பர் வேண்டாம்.

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. அப்பாவுக்கு 60 முடிந்ததற்காக ஐந்து பேரும் ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாகப் போனோம். புயல் எச்சரிக்கையைப் பார்க்காமலா கிளம்பினீர்கள் என்று யாராவது கேட்பீர்கள். பார்த்தோம். வலுவிழந்து தாழ்வு மண்டலமாகத்தான் கரையைக் கடக்கும் என்று முந்தின நாள் செய்தியில் சொன்னார்கள். விடுதியிலோ முன்பணம் திரும்ப வராது என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்து போயிருந்தால்கூடப் பரவாயில்லை, பல மணி நேரம் நகராமல் அங்கேயே நின்றது. 24 மணி நேரத்தில் 48 செ.மீ. மழை. அதற்கு முன் அந்த ஊரில் ஒரு நாளில் பெய்த அதிகபட்சமே 2004-ல் 21 செ.மீ.தான். விடிந்து பார்த்தால் தெருவில் நிறுத்தியிருந்த பைக்குகளின் கண்ணாடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. கரண்ட் இல்லை. பால்கனிக் கதவிடுக்கில் செருகிய துண்டை அம்மா எடுத்துப் பிழிவதும் மறுபடி செருகுவதுமாக இருந்தார். செவ்வாய்க்கிழமைதான் வீடு வந்து சேர்ந்தோம். அந்தத் துண்டு அப்போதும் ஈரம். நம்ம ஊர் வெயிலில் அரை மணியில் மொறமொறவென்று காய்ந்திருக்கும்.

புயலை வைத்து ஊரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். புதுச்சேரி எனக்குப் பிடித்த ஊர். நான் சொல்வது மாதச் சராசரிக் கணக்கைப் பற்றி. அதைப் பார்த்தால் மழையை 30 நாளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி தெரியும். வடகிழக்குப் பருவமழை அப்படிப் பெய்யாது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு உருவாகும், இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்க்கும், அப்புறம் பத்து நாள் வெயில் அடிக்கும். வேலூரில் ஜூலை, ஆகஸ்ட் சாயங்கால இடிமழையிலேயே நமக்கு ஒரு நல்ல பங்கு வந்துவிடுகிறது. கடலோரத்துக்குப் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலூர் என்றதும் விடுதி வரவேற்பில் இருந்தவர், "வெயிலூரா சார்?" என்றார். எங்கே போனாலும் இதே பேச்சு. ஜனவரியில் 18 டிகிரிக்கு இறங்கி, கோட்டை அகழி மேல் பனிமூட்டம் நிற்கிற காலையை இவர்கள் யாரும் வந்து பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், அப்படியே திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

சரி, உங்கள் விஷயம். பொங்கல் கழிந்து பிப்ரவரி கடைசிக்குள் போங்கள். பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும், இரவு இதமாக இருக்கும், மழையும் அபூர்வம். மே மாதம் கடல் காற்று வாங்கலாம் என்று நினைக்காதீர்கள். வேலூரைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டும், ஆனால் வியர்வை உடம்பிலேயே நிற்கும், சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள். விடுதி பதிவு செய்யும்போது, ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.