பருவ வேலையும் பழைய கடனும்

கேள்வி: என் அக்காவின் மகன் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். அமெரிக்காவில் பழம் பறிக்க எட்டு மாத வீசா எடுத்துத் தருவதாகச் சொல்லி ஒருவர் 12 இலட்சம் ரூபாய் கேட்கிறார். அப்படியொரு வீசா உண்டா? தோட்டத்திலேயே இருந்திருக்கலாமே என்று அக்கா அழுகிறார்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வீசா உண்டு. எச்-2ஏ எனப்படும் அது, 1986ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் மூலம் இன்றைய வடிவத்தைப் பெற்றது. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் பண்ணையாளர், பருவ காலத்துக்கு மட்டும் வெளிநாட்டவரை அழைத்துக்கொள்ளலாம். 2023 நிதியாண்டில் 370,000க்கும் அதிகமான வேலையிடங்களுக்கு அனுமதி கிடைத்தது. போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்சிக்கர்.

இடிப்பது அந்த 12 இலட்சம்தான். ஆள் சேர்ப்பதற்கான கட்டணத்தைப் பண்ணையாளரோ அவருடைய முகவரோ தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அந்த வீசாவின் விதி. தங்குமிடம் இலவசம், ஒப்பந்தக் காலத்தில் பாதி முடிந்ததும் வந்த வழிச்செலவைப் பண்ணையாளர் திருப்பித் தர வேண்டும், ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்தில் நான்கில் மூன்று பங்கு வேலையாவது கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அதற்குரிய கூலியைத் தர வேண்டும். ஆனால் வீசா ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருப்பதால், முறையிட்டால் வேலையோடு தங்கும் இடமும் போய்விடும் என்ற அச்சத்தில், கடன்பட்டுப் போனவர் வாய் திறப்பதில்லை.

இந்தக் கடன் மலையகத்துக்குப் புதிதல்ல. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர்களே நம் முன்னோர். 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழித்த பிறகு வந்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியிருந்தது. குடும்பங்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தங்கின. (கறவைக்கும் பருவமில்லை என்பதால் அமெரிக்கப் பால்பண்ணைகள் பெரும்பாலும் எச்-2ஏ ஆட்களை எடுக்க முடிவதில்லை. இதே வீசாவில் ஆண்டு முழுவதும் பால் கறக்கும் வேலை என்று எவராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள்.) ஆள் சேர்த்து வந்த கங்காணி தந்த முற்பணம் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது, அந்தக் கடனை அடைத்தால் ஆட்களை விடுவதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அது 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிந்தது. உங்கள் பையன் 12 இலட்சத்தை வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், தன் துண்டைத் தானே எழுதிக்கொள்கிறான்.

அக்காவின் கண்ணீர் புரிகிறது. ஆயினும் பையன் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாக உயர்ந்தபோதும், நிர்ணயித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதும், நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கிலோவைக் கழிப்பதும் நிற்கவில்லை. தராசைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குத் துணிக்கடையின் மாதச் சம்பளம் பெரிதாகத்தான் தெரியும்.

பணம் கொடுக்கும் முன் அந்த முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தையும் பண்ணையின் பெயரையும் ஒப்பந்தப் பிரதியையும் கேளுங்கள். 1985ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரம் இல்லாதவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம். பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் நேரிலோ 1989 என்ற இலக்கத்திலோ விசாரிக்கலாம். அதுவரை கடவுச்சீட்டு பையனிடமே இருக்கட்டும்.