காட்ஸில்லா பின்பால்: புரோவா, பிரீமியமா, எல்.இ.யா? கேள்வி பதில்

சிகாகோ பக்கம் இருக்கிறேன். பல வருஷமாக பின்பால் மெஷின்களை (சாய்ந்த பலகையில் ஓடும் எஃகுப் பந்தை ‘ஃபிளிப்பர்’ என்ற குட்டித் துடுப்புகளால் தட்டி ஆடும் பெட்டிகளை) திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன், விற்பவன் அல்ல. பின்பால் செய்யும் ஸ்டெர்ன் நிறுவனத்தின் காட்ஸில்லா மெஷினைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொன்னேன், வந்து குவிந்துவிட்டது. முடிந்தவரை சொல்கிறேன்.

கே: மூன்று மாடலுக்கும் என்னதான் வித்தியாசம்? கடைக்காரர் சொல்வது ஒன்றும் புரியவில்லை.

ப: முதலில் விலை. 2021 செப்டம்பரில் அறிவித்தபோது புரோ 6,899 டாலர், பிரீமியம் 8,999, லிமிடெட் எடிஷன் (எல்.இ.) 10,499. அதாவது முதல் படி ஏற 2,100, இரண்டாவது படி ஏற இன்னொரு 1,500.

அந்த 2,100 எங்கே போகிறது என்றால், நகரும் பாகங்களுக்கு. பிரீமியத்தில் கட்டடம் நிஜமாகவே தளம் தளமாக இடிந்து இறங்கும். மோட்டார் உறுமுகிற சத்தத்தோடு ஒரு தளம் சட்டென்று கீழே உட்காரும். உள்ளே மாட்டியிருந்த பந்துகள் ஃபிளிப்பரை நோக்கிக் கொட்டும்போது கை தானாகப் பதறும். பாலமும் அப்படியே, பிளந்து விழும். புரோவில் கட்டடமும் உண்டு, பாலமும் உண்டு, ஆனால் இரண்டும் அசையாது.

விளையாட்டின் விதிகள் மூன்றிலும் ஒன்றுதான். கிடோரா என்ற ராட்சதனோடு மோதுவது, கைகனோடு மோதுவது, மெகலானோடு மோதுவது எல்லாம் புரோவிலும் இருக்கிறது. மூன்று ஃபிளிப்பர், கீத் எல்வின் போட்ட அதே வடிவமைப்பு, அதே திரை, ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் என்ற ராக் குழுவின் அதே பாட்டு. புரோ வாங்கினால் பாதி விளையாட்டுதான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசி 1,500? நம்பர் போட்ட தகடு, கையெழுத்து, தனி ஓவியம், எதிரொளி அடிக்காத கண்ணாடி, பெட்டியை அதிரவைக்கும் ஷேக்கர் மோட்டார், கொஞ்சம் நல்ல ஸ்பீக்கர். பந்து இவற்றில் எதையும் தொடாது. ஷேக்கரையும் கண்ணாடியையும் பிரீமியத்துக்குத் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

கே: எல்.இ. மொத்தம் 1,000 மெஷின்தானாமே. வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

ப: ஏறலாம், இறங்கலாம். சேமிப்புக்கு வேண்டுமானால் தங்கம் வாங்குங்கள். இது எண்ணெயும் தூசியும் பிடிக்கிற சாமான். மெடீவல் மேட்னஸ் என்று 1997-இல் வில்லியம்ஸ் நிறுவனம் போட்ட மெஷின். நாலாயிரம் சொச்சம்தான் செய்தார்கள், இனி வரவே வராது என்று ஆளாளுக்குக் கட்டிக்காத்தார்கள். 2015-இல் இன்னொரு நிறுவனம் அதை அப்படியே மறுபடி செய்து இறக்கியது. காட்ஸில்லாவுக்கே 2024-இல் எழுபதாம் ஆண்டுப் பதிப்பு வந்துவிட்டது. எல்.இ. பிடித்திருந்தால் விளையாட வாங்குங்கள்.

கே: சென்னைக்குக் கொண்டுபோக முடியுமா சார்? கரன்ட் ஒத்துவருமா?

ப: எந்த நாட்டு மின்சாரத்துக்கு வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே விநியோகஸ்தரிடம் சொல்லிவிடுங்கள். பெட்டி 250 பவுண்டுக்கு மேல் இருக்கும். வரிக்கு கிளியரிங் ஏஜென்ட்டைக் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் வீடென்றால் பந்தும் போல்ட்டும் துருப்பிடிக்கும். பந்து துருப்பிடித்தால் பலகையை உப்புக் காகிதம் மாதிரித் தேய்த்துவிடும், அதனால் ஒரு செட் மாற்றுப் பந்து கையில் இருக்கட்டும்.

கே: புத்தம் புதுசு, நூறு ஆட்டம்கூட ஆகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் பலகை முழுக்கச் சின்னச் சின்னக் குழி. ஏமாந்துவிட்டேனா?

ப: இல்லை. டார்ச்சை அணையுங்கள்.

80 கிராம் எஃகு உருண்டை ராம்ப் என்ற ஏறுபாதையிலிருந்து மரத்தின் மேல் விழுகிறது. குழி விழாமல் என்ன செய்யும்? ஆட ஆடக் குழிக்குப் பக்கத்தில் குழி விழுந்து மொத்தமும் சமமாகிவிடும், ஆயிரம் ஆட்டத்துக்குப் பிறகு தேடினாலும் தெரியாது. கவலைப்பட வேண்டியது வேறு: மேல்பூச்சு உரிந்து எழும்புகிறதா, கம்பங்களின் அடியில் சுருங்கி மேடு கட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் உடனே போட்டோ எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். பந்துகள் சொரசொரப்பானதும் மாற்றுங்கள், பலகைக்கு அவ்வப்போது மெழுகு போடுங்கள்.

கே: தப்பாக நினைக்காதீர்கள், முப்பது வருஷமாக ஆடுகிறேன். புரோதான் நிஜமான பின்பால். கட்டடம் இடிவதை நின்று வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் விளையாட்டா? போட்டிகளில் பாருங்கள், எல்லாம் புரோ.

ப: பாதி சரி. போட்டிகளில் புரோ அதிகம், மறுக்கவில்லை. காரணம் ருசி அல்ல, கணக்கு. கடையில் மெஷின் வைத்துக் காசு எடுப்பவருக்கு அசையும் பாகம் ஒவ்வொன்றும் ஒரு தலைவலி. கட்டடம் பாதியில் மாட்டிக்கொண்டால் சனிக்கிழமை வருமானம் போச்சு. அவர் புரோ வாங்குகிறார், போட்டியும் அவர் கடையில்தான் நடக்கிறது. கட்டடம் அசைந்து முடியக் காத்திருக்க வேண்டியது இல்லாததால் புரோவில் பந்து கொஞ்சம் சுறுசுறுப்பாகத் திரும்பும், அதுவும் உண்மை.

கே (அவரே): அதைத்தானே நானும் சொல்கிறேன். பழைய மெஷின்களில் இந்தப் பொம்மை விளையாட்டெல்லாம் கிடையாது.

ப: இங்கேதான் மாட்டிக்கொண்டீர்கள். 1992, தி ஆடம்ஸ் ஃபேமிலி என்ற மெஷின். பாட் லாலர் வடிவமைத்தது, பாலி என்ற நிறுவனப் பெயரில் வந்தது, விற்றது 20,270. நீங்களும் அதில்தான் கைப்பழக்கம் எடுத்திருப்பீர்கள். பெட்டியிலிருந்து ஒரு கை வெளியே வந்து காந்தத்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகுமே, அது என்ன? பொம்மைதான். பலகைக்கு அடியில் காந்தம் வைத்துப் பந்தைக் கண்டபடி இழுத்ததும் பொம்மைதான்.

அந்தக் கை 20,270 மெஷினிலும் இருந்தது. கை அசையும் ஆடம்ஸ், கை அசையாத ஆடம்ஸ் என்று இரண்டு விலை போடவில்லை. மூலைக்கடையில் கால் டாலர் காசு போட்ட பையனுக்கும் அதே கைதான் வந்தது. எனக்கு எரிச்சல் கட்டடத்தின் மேல் இல்லை, கட்டடத்தை இடிய வைப்பதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதன் மேல்தான்.

கே (வேறொருவர், குறுக்கே): நான் ஒரு பார் நடத்துகிறேன். எல்லா மெஷினும் ஒன்பதாயிரம் டாலர் என்றால் நான் ஒன்றும் வாங்க மாட்டேன். புரோ இருப்பதால்தான் என் கடையில் பின்பால் இருக்கிறது.

ப: இதற்கு என்னிடம் பதில் இல்லை, நியாயம்தான். 1992-இல் மெஷின் வாங்கியவர்கள் முக்கால்வாசி உங்களைப் போன்றவர்கள். இன்று வீட்டுக்கு வாங்குபவர்கள் நிறைய. இரண்டு பேருக்கும் ஒரே பெட்டியை விற்க முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு ஆடம்ஸ் கைதான் நினைவுக்கு வருகிறது.

கே: எல்.இ. விலை ஏறுமா?

ப: மேலே இருக்கிறது.

கே: ஜாஸ் பற்றியும் சொல்லுங்கள். அதில் எது லாபம்?

ப: சுறாப் படத்தை வைத்து ஸ்டெர்ன் போட்ட மெஷின், அதுவும் கீத் எல்வின் வடிவமைத்ததுதான், 2024 ஜனவரியில் வந்தது. அறிவித்தபோது இருந்த விலைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: புரோ 6,999, பிரீமியம் 9,699, எல்.இ. 12,999. காட்ஸில்லாவோடு ஒப்பிட்டால் புரோ நூறு டாலர்தான் கூடியிருக்கிறது, பிரீமியம் 700, எல்.இ. 2,500! பார்காரர் கையை இழுத்துக்கொள்வார் என்று புரோவைத் தொடவில்லை. வீட்டில் வைப்பவர் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார் என்று கண்டுகொண்டார்கள். காட்ஸில்லாவில் பிரீமியத்துக்கு 2,100 கூடுதலாகக் கொடுக்கலாம் என்று மனசாரச் சொல்வேன். ஜாஸில் அந்த இடைவெளி 2,700. இரண்டையும் எங்காவது போய் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்தத் திரைப்படம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் முன்பணம் கட்டாதீர்கள்.

கே: ஜெர்சி ஜாக் மெஷின்கள்?

ப: அது வேறொரு பின்பால் நிறுவனம். அவர்களின் மாடல் அடுக்கு முறை வேறு, இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். தனியாகப் பேசலாம்.

கே: அண்ணா, பழைய காட்ஸில்லா பிரீமியம் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

ப: மெனுவுக்குள் போய் மொத்த ஆட்டக் கணக்கைப் பாருங்கள். அதை அழித்துவிடவும் முடியும் என்பதால் அதை மட்டும் நம்பாதீர்கள். பந்து கிளம்பும் பாதையில் மரத்தில் கோடு விழுந்திருக்கிறதா, பந்து விழும் குழியின் வாய் பிய்ந்திருக்கிறதா, ஃபிளிப்பர் சூடானபிறகும் ராம்ப் ஏற்றுகிறதா? இருபது நிமிஷம் ஆடுங்கள், முதல் ஐந்து நிமிஷத்தில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் ஓடும். கட்டடத்தை மூன்று முறையாவது இடித்துப் பாருங்கள். தடுமாறினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கே: எல்.இ. இப்போது வாங்கி ஐந்து வருஷம் பெட்டியைப் பிரிக்காமல்…

ப: இல்லை.

கே: எனக்கு பிரீமியம் நாளைக்கு வருகிறது! என்ன தயார் செய்ய வேண்டும்?

ப: வாழ்த்துகள். கதவையும் மாடிப்படித் திருப்பத்தையும் இன்றே அளந்துவிடுங்கள். இரண்டு ஆள் வேண்டும், தள்ளுவண்டி வேண்டும். மேல்பெட்டியை நிமிர்த்தியதும் போல்ட் போடும்வரை கையை எடுக்காதீர்கள். சாய்வு ஆறரை டிகிரி, இடவலம் சமம். மின்சாரத்தில் இருக்கும்போது எந்த ஒயரையும் பிடுங்கவோ செருகவோ கூடாது.

பின்னால் எப்போதாவது வீடு மாறினால் முதல் வேலையாகப் பந்துகளை எடுத்துவிடுங்கள். நான் முதன்முதலாக வாங்கிய மெஷினை எடுத்துவந்தவர்கள் எடுக்கவில்லை. வேனில் செங்குத்தாக நிறுத்தியதும் உள்ளே ஒரு சத்தம், கடலை டப்பாவைக் குலுக்குவது மாதிரி. வீட்டில் வந்து கண்ணாடியைக் கழற்றினால் மூன்று பிளாஸ்டிக் துண்டு கையோடு வந்தது. பந்துகளை எண்ணி, ஒரு பழைய சாக்ஸில் போட்டு, உங்கள் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.