செலவில் கணக்கு, வரவில் மௌனம்

கேள்வி: வருமான வரி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான், ஜி.எஸ்.டி.யும் ஆள் பார்த்து விதிக்கப்படுவதில்லை. அப்படியிருக்க, மத்திய பட்ஜெட்டுடன் மகளிருக்கெனத் தனி அறிக்கை ஒன்றை ஆண்டுதோறும் இணைப்பது எதற்கு?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆள் பார்த்து விதிப்பதில்லை, உண்மை, பொருள் பார்த்து விதிக்கிறார்கள், அந்தப் பொருளை வாங்குகிறவர் யார் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது குங்குமத்துக்கும் பொட்டுக்கும் கண்ணாடி வளையலுக்கும் வரி இல்லை. சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீதம். (பெண்ணுக்கு எது அத்தியாவசியம் என்பதை அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் பாருங்கள்!) கடும் எதிர்ப்புக்குப் பிறகு, 2018 ஜூலையில் அந்த வரி நீக்கப்பட்டது. ஆனால், விலக்குப் பெற்ற ஒரு பொருளைத் தயாரிப்பவர், அதன் மூலப்பொருள்களை வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பது ஜி.எஸ்.டி.யின் விதி, ஆகவே பில்லில் இருந்து மறைந்த வரியில் ஒரு பகுதி விலைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

வருமான வரியில் பெண்களுக்குத் தனிச் சலுகை முன்பு இருந்தது. 2011-12இல் ஆண்களுக்கு 1,80,000 ரூபாய் வரையிலும் பெண்களுக்கு 1,90,000 ரூபாய் வரையிலும் வரி இல்லை. அடுத்த ஆண்டே இருவருக்கும் 2,00,000 என்று சமமாக்கிவிட்டார்கள். அது போனதில் எனக்கு வருத்தமில்லை. களையெடுக்கப் போகிறவருக்கும் வீட்டு வேலை செய்கிறவருக்கும் அதனால் ஒரு பைசா பயன் இருந்ததில்லை. அவர்கள் வரி கட்டுவது வருமான வரி அலுவலகத்தில் அல்ல, மளிகைக் கடையில்.

இனி நீங்கள் கேட்ட அறிக்கைக்கு வருவோம். 2005-06 முதல் வெளிவரும் அது, முழுக்க மகளிருக்கான திட்டங்களை ஒரு பகுதியிலும், குறைந்தது 30 சதவீதம் மகளிருக்குப் போகும் திட்டங்களை இன்னொரு பகுதியிலும் காட்டுகிறது. வீடு பெண்ணின் பெயரிலோ தம்பதியர் இருவர் பெயரிலோ ஒதுக்கப்படுகிறது என்பதற்காகப் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தின் தொகை முழுவதையும் பல ஆண்டுகள் முதல் பகுதியிலேயே சேர்த்துக் காட்டினார்கள். அந்தக் கூரையின் கீழ் கணவனும் பிள்ளைகளும் வசிக்கவில்லையா என்ன? இப்படித் தொகையைப் பெருக்கிக் காட்டுவதை நானும் ஏற்கவில்லை. ஆனாலும் அறிக்கையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அதன் பெரிய குறை, அது செலவை மட்டுமே எண்ணுகிறது, வரவை எண்ணுவதில்லை என்பதுதான். நாப்கின் வரி போன்ற ஒன்றை எழுதிக் காட்ட அதில் பத்தியே கிடையாது.

வரவுப் பக்கத்திலும் பெண்ணை நினைக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு: பெண்கள் பெயரில் பதிவாகும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு, 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்கள். கட்டணத்தை மிச்சப்படுத்தத்தான் மனைவி பெயரில் வாங்குகிறார்கள் என்று நீங்கள் முணுமுணுக்கலாம். வாங்கட்டுமே, நாளை அதை விற்க அவள் கையெழுத்து வேண்டும்.