எந்த உருப்படி, எப்போது? பள்ளி பேண்ட் பற்றிய கேள்விகளுக்குப் பதில்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி பேண்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உருப்படி தேர்வு பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, எங்கள் பேண்டின் தரம் கிரேடு 2. கிரேடு 2 உருப்படிதான் வாங்கினோம். ஆனாலும் கிளாரினெட் பிள்ளைகள் திணறுகிறார்கள். ஏன்?

உருப்படி எவ்வளவு கடினம் என்று காட்டும் அந்த எண்ணைப் போட்டது பதிப்பகம். ஒருவர் 2 என்பது இன்னொருவருக்கு 3. தவிர அது மொத்த உருப்படிக்கும் சேர்த்துப் போட்ட எண், மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் பிள்ளையை நினைத்துப் போட்டதல்ல. அதனால் ஸ்கோரோடு (எல்லா வாத்தியமும் சேர்ந்த நோட்டு) நிறுத்தாமல் ஒவ்வொரு பார்ட்டையும் (ஒரு வாத்தியத்துக்கான நோட்டு) தனியாகப் புரட்டுங்கள். கிளாரினெட்டில் நடு ‘ஏ’ வாசிக்கும்போது துளைகள் எல்லாம் திறந்திருக்கும். அடுத்த ‘பி’க்குப் போனால் எல்லாத் துளையையும் மூடி, மேல்ஸ்தாயிக்குக் கொண்டுபோகும் ரெஜிஸ்டர் கீயையும் அழுத்த வேண்டும், ஒரு விரல் லேசாக விலகினாலும் கீச்சென்று கத்தும். இந்த இடத்தை மெதுவாக ஒருமுறை கடப்பது பாடம், வேகமாக முன்னும் பின்னும் கடக்கச் சொல்வது தண்டனை. ட்ரோம்போனில் கீழ் ‘சி’க்குக் குழாயை ஆறாவது பொசிஷன்வரை நீட்ட வேண்டும், குட்டைக் கை எட்டாது. இப்படி வாத்தியத்துக்கு ஒரு கண்டம் உண்டு, முதலில் அதைத் தேடுங்கள்.

புதிதாகச் சேர்ந்த செக் 1 (உயர்நிலை முதலாம் ஆண்டு) பிள்ளைகளை ஐந்து ஸ்வரத்திலேயே எவ்வளவு நாள் வைத்திருப்பது? சலித்துப்போகிறார்கள்.

சலிப்பு ஸ்வரத்தால் வருவதில்லை, எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் ஒரே சத்தத்தில் வாசிப்பதால் வருகிறது. அதே ஐந்தில் மெல்ல வாசி, வெட்டி வாசி, சேர்த்து வாசி என்று மாற்றுங்கள். நம்மூரில் சரளி வரிசையையே மூன்று காலத்தில் பாட வைப்பதில்லையா, அதுதான் இங்கும். அடுத்த உருப்படிக்குப் போகும்போது புதுசு ஒன்றே ஒன்று இருக்கட்டும். ஸ்கேல் (ஸ்வர வரிசை) புதுசு என்றால் தாளம் தெரிந்ததாக இருக்க வேண்டும், 6/8 தாளம் முதல்முறை வருகிறது என்றால் ஸ்கேல் பழசாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியாது.

எஸ்ஒய்எஃப்புக்கு (சிங்கப்பூர் இளையர் விழா) பெரிய உருப்படி எடுத்தால்தான் டிஸ்டிங்ஷன் (மேல்தரச் சான்றிதழ்) வரும் என்கிறார்கள். முக்கால் வருடம் அதையே உருட்டலாமா?

இதற்குத்தான் எனக்குக் கோபம் வரும். 2013இல் தங்கம், வெள்ளியை எடுத்துவிட்டு மூன்று வகைச் சான்றிதழ் என்று ஆக்கினார்கள், பள்ளிகளின் ஜுரம் மட்டும் இறங்கவில்லை. ஒரே உருப்படியை மாதக்கணக்கில் உருட்டினால் விரல் மனப்பாடமாகிவிடும், பிள்ளைக்கு நோட்டு படிக்க வராது. சந்தேகமிருந்தால் இரண்டு கிரேடு கீழே, இதுவரை பார்க்காத ஒன்றை முன்னால் வைத்துப் பாருங்கள், நான்காவது பாரில் (தாளச் சுற்றில்) நின்றுவிடுவார்கள்.

நான் பார்ப்பது இதுதான். முதல் நாள், எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும், நிற்காமல் கடைசிவரை போய்ச் சேர முடிகிறதா? முடிந்தால் எடுக்கலாம். மூன்று வாரம் கழித்தும் பாதியில் நின்றால் மூடி வைத்துவிட்டு அடுத்த வருடம் பாருங்கள். பெரிய உருப்படி ஓடும்போதே பக்கத்தில் சுலபமான இரண்டு மூன்று ஓடட்டும், ஒரு ரிஹர்சலில் பாதி நேரமாவது அதற்குக் கொடுங்கள். அப்புறம் செக் 4 பிள்ளைகள் பரீட்சைக்காக விலகிவிடுவார்கள். நல்ல ஓபோ பிள்ளை இருக்கிறாள் என்று ஓபோ சோலோ உள்ளதை எடுத்தீர்கள் என்றால், அவள் போனதும் அதை வாசிக்க ஆள் இருக்காது. மேடையேறும் நாளில் யார் இருப்பார்கள் என்று எண்ணிவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

சினிமாப் பாட்டு வாசிக்கலாமா சார்? (பினாங்கிலிருந்து)

சார் இல்லை, அக்கா! தாராளமாக வாசிக்கலாம். ஆனால் மெட்டு யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான அரேஞ்ச்மென்ட்டில் புல்லாங்குழலுக்கும் ட்ரம்பெட்டுக்கும்தான் பாட்டு, டியூபா பிள்ளை மூன்று நிமிடமும் பூம் பூம் என்று ஊதிக்கொண்டிருப்பான், வருடக் கடைசியில் பேண்டை விட்டே போய்விடுவான். 1909இல் இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் பேண்டுக்கு எழுதிய இ-பிளாட் முதல் ‘சூட்’ (பல பகுதிகள் கொண்ட உருப்படி) பாருங்கள், முதல் பகுதியின் எட்டு பார் மெட்டு டியூபா, யூஃபோனியத்தில்தான் தொடங்குகிறது, பிறகுதான் மற்றவர்களிடம் சுற்றி வரும். (மனிதர் ட்ரோம்போன் வாசித்துச் சம்பாதித்தவர், பின்வரிசையின் வலி தெரிந்திருக்கிறது.) முழுதாக மேடையேற்றச் சொல்லவில்லை, அந்த எட்டு பாரை மட்டும் எல்லோரும் வார்ம்-அப்பில் வாசிக்கலாம்.

கச்சேரியில் எதை முதலில் வைப்பது?

தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடியதை. பயம் போகட்டும். ட்ரம்பெட்டுக்கு உச்சஸ்தாயி உள்ள இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள், உதடு தாங்காது. நடுவில் மரக்குழல் வாத்தியங்களுக்கு வேலையுள்ள மெதுவான ஒன்று வரட்டும்.

கோவையில் பள்ளி நடத்துகிறோம். பியூகிள், சைடு டிரம், பேஸ் டிரம் மட்டும்தான் இருக்கிறது. இதெல்லாம் எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும், வழி வேறு. பியூகிளில் ஸ்வரத்தை மாற்றும் வால்வு கிடையாது, பிள்ளைகளுக்கு வசப்படுவது ச, ப, மேல் ச, க, ப என்று ஐந்துதான். அதனால் வளர்ச்சியை டிரம்மில் வையுங்கள். முதலில் ஒற்றை அடி, அப்புறம் இரட்டை அடி, இரண்டையும் கலந்த பாரடிடில், எல்லாம் மெதுவாக, இரண்டு கையும் ஒரே சத்தத்தில் வரும்வரை. பியூகிள் பிள்ளைகளுக்கு நீண்ட ஸ்வரம், மெல்ல ஆரம்பித்து ஏற்றி இறக்குவது. கொஞ்சம் பணம் கிடைத்தால் இன்னொரு டிரம் வாங்காமல் நாலைந்து மெலோடிகா (ஊதி வாசிக்கும் சிறு கீபோர்டு) வாங்குங்கள், பாட்டென்று ஒன்று வாசிக்கலாம்.