நெல்லில் மருந்து தெளித்து ஆண் மலடாக்கும் முறையை ஏன் கைவிட்டார்கள்?

தாய்ப்பயிர் தன் மகரந்தத்தால் மணி பிடிக்காதபடி மருந்து தெளித்தே அதன் மகரந்தத்தை மலடாக்க முடியும் என்னும்போது, வீரிய ஒட்டு நெல் விதைக்கு மூன்று பெற்றோர் வரிசைகளைப் பராமரிப்பது விஞ்ஞானிகளின் சோம்பல் அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேளாண் கல்லூரி மாணவராக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். முதுநிலை ஆய்வுக்காக நெல்லில் எத்ரல் என்ற மலடாக்கும் மருந்தைத் தெளித்துப் பார்த்தவன் என்பதால், ‘சோம்பல்’ என்ற சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

ஆண் மலட்டு வரிசை, அதைப் பெருக்கித் தரும் வரிசை, மலட்டை நீக்கும் வரிசை என எதுவும் இல்லாமல் எந்த நல்ல ரகத்தையும் தாயாக்கலாம் என்பதே மருந்து முறையின் பெரிய கவர்ச்சி. ஆனால் மகரந்தத்தை உருவாக்கும் தாய்ச்செல்கள் பகுப்படையும் குறுகிய காலத்துக்குள் மருந்து சேர்ந்தாக வேண்டும். நெற்பயிரிலோ தாய்த்தண்டு தொண்டைக்கதிரில், அதாவது கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் நிலையில், நிற்கும்போது பின்னால் வெடித்த தூர்கள் இன்னும் அந்நிலையை எட்டியிருக்காது. என் பாத்தியில் தாய்த்தண்டுக் கதிர்களின் மகரந்தம் அயோடினில் கறுக்காமல் வெளிறியே நின்றதை, அதாவது மலடாகியிருந்ததை, கண்டு மகிழ்ந்தேன். ஆனால் பிந்திய தூர்களின் கதிர்களில், பட்டர் பேப்பர் பையிட்டு மூடியிருந்தும், மணி பிடித்திருந்தது. அது தன் மகரந்தத்தால் விளைந்த மணி. ஒட்டு விதையோடு கலந்துவிட்டால் கண்ணால் பிரித்தெடுக்க முடியாது. மருந்தின் அளவைக் கூட்டினால் கதிர் கண்ணாடி இலையின் உறையை விட்டு முழுதாக வெளிவரவில்லை. வெளிவந்த பூக்களில் அயல் மகரந்தத்தைக் கையால் தூவியும் மணி குறைவாகவே பிடித்தது; மருந்து பெண் பாகத்தையும் பாதித்திருக்க வேண்டும்.

எத்ரல் ஒன்றை வைத்து எல்லா மருந்துகளையும் ஒதுக்குவதாக யாரும் கருத வேண்டாம். எளிதில் கையாளக்கூடிய மலட்டு வரிசை முறை அமையாத கோதுமையில், சின்டோஃபென் என்ற மலடாக்கும் மருந்தைத் தெளித்து பிரான்சில் வணிக அளவிலேயே ஒட்டு விதை உற்பத்தி செய்திருக்கிறார்கள். சீனாவில் 1970களில் நெல்லுக்கும் மருந்து பயன்பட்டது. ஆனால் அது ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் சேர்ந்த மருந்து. 1970இல் ஹைனான் தீவில் கிடைத்த காட்டு நெல்லின் மலட்டுத்தன்மை, தூர் எப்போது வெடித்தாலும் மாறாதது என்பதால்தான் நெல்லில் அதுவே நிலைத்தது. இன்று ஒட்டு விதை வயலில் ஜிப்ரலிக் அமிலம் தெளிப்பதைப் பார்த்து அதுதான் மலடாக்கும் மருந்து என்று சிலர் எழுதுகிறார்கள். அது மலட்டுக் கதிரை உறையிலிருந்து வெளியே கொண்டுவரத் தெளிப்பது.

பலன் தராத ஆய்வு என்று சொல்லி என் முடிவுகளை வெளியிட யாரும் முன்வரவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. நீங்கள் இதைச் செய்வதானால் மணிகளைத் தூர்வாரியாக எண்ணுங்கள். அயல் மகரந்தம் தூவிய கதிர்களின் கணக்கையும் தனியே பதியுங்கள்.