கிராண்ட் மனான்: ஒரு தீவு, ஒரு பாரிஷ்

கனடாவின் நியூ பிரன்சுவிக் மாகாணத்தில், ஃபண்டி விரிகுடாவின் வாயில் இருக்கிறது கிராண்ட் மனான். அந்தப் பாரிஷைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

பாரிஷ் என்றால் தேவாலயப் பங்குதானே அண்ணா?

பெயர் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் இது அரசாங்கம் போட்ட எல்லை. 1784இல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து நியூ பிரன்சுவிக் பிரிந்தது. 1786இல் சட்டம் போட்டு, கவுண்டிகளை (நம் மாவட்டம் மாதிரி) பாரிஷ்களாக வகுத்தார்கள். ஏழைகளைக் கவனிக்க, சாலை போட, வேலித் தகராறு தீர்க்க, அலையும் மாட்டைப் பட்டியில் அடைக்க என்று ஒவ்வொரு பாரிஷுக்கும் ஆட்களை நியமித்தார்கள்.

தீவு முதலிலிருந்தே தனிப் பாரிஷா?

இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1786 சட்டத்தில் ஷார்லட் கவுண்டியின் தீவுகள் எல்லாம் சேர்ந்து வெஸ்ட் ஐல்ஸ் என்று ஒரே பாரிஷ். அந்தப் பட்டியலில் கிராண்ட் மனானோடு மூஸ் தீவும் இருந்தது. மூஸ் தீவுதான் இன்று அமெரிக்காவின் ஈஸ்ட்போர்ட்! அமெரிக்க விடுதலைப் போரை முடித்து பிரிட்டனும் அமெரிக்காவும் போட்ட 1783 ஒப்பந்தப்படி, அமெரிக்கக் கரைக்கு அருகே உள்ள தீவுகள் அமெரிக்காவுக்கு. ஏற்கெனவே நோவா ஸ்கோஷியாவுக்குள் இருந்தவை மட்டும் விலக்கு. எது எதற்குள் இருந்தது என்பதில்தான் சண்டை. கிராண்ட் மனான் 1816இல் தனிப் பாரிஷ் ஆனபோதுகூட அது தீரவில்லை. மறு ஆண்டு நவம்பரில் இருநாட்டு ஆணையர்கள் தீர்ப்புச் சொன்னார்கள்: மூஸ், டட்லி, ஃபிரெடரிக் மூன்றும் அமெரிக்காவுக்கு, கிராண்ட் மனான் பிரிட்டனுக்கு.

அப்படியானால் இப்போது தகராறே இல்லையா?

மச்சியாஸ் சீல் தீவு மிச்சம் இருக்கிறது. பஃபின் பறவைகள் கூடு கட்டும் சின்னப் பாறைத் தீவு அது. இரு நாடுகளும் உரிமை கோருகின்றன, சுற்றியுள்ள கடலில் இரு நாட்டு மீனவர்களும் லாப்ஸ்டர் பிடிக்கிறார்கள்.

மேற்குக் கரையில் ஏன் ஊர்களே இல்லை?

பாறைதான் காரணம். மேற்கே சுமார் 20 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைப் பாறை, செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. கிழக்கே 50 கோடி ஆண்டுக்கும் பழைய பாறை, தாழ்வான கரை. நார்த் ஹெட், கிராண்ட் ஹார்பர், சீல் கோவ் எல்லாம் அந்தப் பக்கம்தான். ரெட் பாயின்டில் இரண்டு பாறைகளும் தொட்டுக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

மேற்கே படகு ஒதுங்க டார்க் ஹார்பர் ஒன்றுதான். கடல் வற்றும் நேரத்தில் டல்ஸ் என்ற கடற்பாசியைக் கையால் பறித்து, கற்கள் மேல் விரித்துக் காயவைப்பார்கள். ஈரத்தில் செம்பழுப்பாக இருப்பது, காய்ந்ததும் கருஊதாவாகச் சுருங்கிவிடும். நான் ஒரு துண்டு மென்று பார்த்தேன்: முதலில் வெறும் உப்பு, அப்புறம் மெல்ல மெல்ல ஒரு ருசி.

இப்போது நிர்வாகம் யார் கையில்?

1967இல் மாகாண முதல்வர் லூயி ரோபிஷோ அரசு கவுண்டி மன்றங்களையே கலைத்தது. ஏழைக் கவுண்டியில் வரி வருமானம் குறைவு, அதனால் அங்கே பள்ளிகளும் மோசம். அந்த அநியாயத்தை நிறுத்தத்தான் பள்ளி, மருத்துவமனை எல்லாவற்றையும் மாகாணமே எடுத்துக்கொண்டது. சரியான முடிவு என்றுதான் நான் சொல்வேன். 1995இல் தீவின் ஊர்கள் இணைந்து வில்லேஜ் என்ற ஒரே உள்ளாட்சி ஆயின.

பிறகு பாரிஷ் எதற்கு?

அதிகாரம் போனாலும் எல்லை போகவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் நிலப் பத்திரங்களிலும் அந்தப் பெயர் இன்றும் வருகிறது. பழைய பத்திரம் தேடுகிறீர்கள் என்றால், 1816க்கு முந்தையதை வெஸ்ட் ஐல்ஸ் பெயரிலும் தேடுங்கள்.