பழைய கார்ட்டூன்களின் தரம் இப்போது வருவதில் இல்லை என்கிறார்களே, உண்மையா?

உண்மையில்லை என்பதுதான் என் பதில். அதற்காகப் பழசைக் குறைத்துப் பேசவும் மாட்டேன். டாம் அண்ட் ஜெர்ரி ஓடிக்கொண்டிருந்தால் இன்றும் சேனலை மாற்ற எனக்கு மனம் வராது.

1947-இல் வந்த 'தி கேட் கன்செர்ட்டோ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டு சூட்டோடு மேடையேறும் டாம், பியானோவில் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் 'இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடி' என்ற இசைப்படைப்பை வாசிக்க ஆரம்பிக்கும். உள்ளே சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கும். அடி வாங்கி எழுந்ததும் ரகளைதான். பியானோ மூடி விரல்களின் மேல் அறையும். கையால் எலியைத் துரத்திக்கொண்டே காலால் வாசிப்பை விடாமல் இழுக்கும் டாம். பேச்சு என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒவ்வொரு அடியும் தாளத்தில் கச்சிதமாக விழும். கடைசியில் டாம் துவண்டு சரிய, கைதட்டலை ஜெர்ரி வாங்கிக்கொள்ளும். அந்தப் படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர் நூறு சதவீதம் நியாயம்.

ஆனால் 'பழைய கார்ட்டூன்' என்று மொத்தமாகச் சொல்கிறோமே, அதில் எல்லாமே இந்தத் தரம் இல்லை. டாம் அண்ட் ஜெர்ரியைத் தயாரித்த எம்ஜிஎம் ஸ்டுடியோ தன் கார்ட்டூன் பிரிவை 1957-இல் மூடியதும், அதை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் தொலைக்காட்சிக்குப் போனார்கள். தியேட்டர் படத்துக்குக் கிடைத்த பணமும் நேரமும் அங்கே இல்லை. அங்கே அவர்கள் உருவாக்கிய யோகி பியர் என்ற கரடியின் கழுத்தில் காலரும் டையும் இருப்பது ஏன் தெரியுமா? உடம்பை அசையாமல் வைத்துவிட்டுத் தலையை மட்டும் மாற்றி வரையலாம், ஒட்டு தெரியாது. ஓடும்போது பின்னால் அதே மரம் திரும்பத் திரும்ப வரும். திறமை எங்கும் போகவில்லை, பட்ஜெட்தான் கையைக் கட்டியது. அவர்களுடைய இன்னொரு தொடரான ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் நிலைத்து நின்றது வசனத்தாலும் குரலாலும்தான்.

இப்போது, ஒரு நாய்க் குடும்பத்தைப் பற்றிய 'புளூயி' தொடரின் 'ஸ்லீப்பிடைம்' (2020) எபிசோடைப் பாருங்கள். இதுவும் ஏழு நிமிடம்தான், இதற்கும் முதுகெலும்பு மேற்கத்திய செவ்வியல் இசைதான், இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் 'ஜூபிடர்'. பிங்கோ என்ற நாய்க்குட்டி இன்றிரவு தன் கட்டிலிலேயே தூங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறது. கனவில் கோள்களுக்கு நடுவே மிதக்கிறது. அங்கே சூரியனாக இருப்பது அம்மா. நிஜத்தில் அதே நேரம் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, கட்டில் மாறிக் கட்டில் மாறிப் படுக்கிறார்கள். கேட் கன்செர்ட்டோ என்னைச் சிரிக்க வைத்தது. இது ஒவ்வொரு முறையும் கண்ணைக் கலங்க வைத்துவிடுகிறது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பழையவற்றில் எனக்குக் கிடைக்காத இன்னொன்று, பாத்திரம் மாறுவது. டாம் எத்தனை பட்டாலும் அடுத்த படத்தில் அதே டாம்தான். 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடரில் முதல் சீசன் முழுக்கக் கதாநாயகன் ஆங்கைத் துரத்தும் இளவரசன் ஸூகோ, கடைசியில் மாமா ஐரோவிடம் மன்னிப்புக் கேட்டு முடிக்கும் முன்பே அவர் இழுத்து அணைத்துக்கொள்வார். அறுபத்தொரு எபிசோட் கதையின் கனம் அந்த ஒரு அணைப்பில் இருக்கும். தனிக் குறும்படத்தில் இதைக் கொண்டுவரவே முடியாது.

இந்தக் காலத்தில் எனக்குப் பிடிக்காதது, பழைய கார்ட்டூனை நிஜம்போல மாற்றி எடுப்பதுதான். 2019-இல் வந்த லயன் கிங்கில் ஒவ்வொரு முடியும் தத்ரூபம். ஆனால் அப்பாவை இழந்த சிம்பாவின் முகத்தில் துக்கமே தெரியவில்லை. 1994-இல் வரைந்த சிம்பாவின் கண்ணிலும் புருவத்திலும் அத்தனையும் இருந்தது.